ஒன்பது மணிக்கு லைட்டு நிற்கும் வீடு

திங்கட்கிழமை விடிந்ததும் என் முதல் வேலை, என் நங்கையாவை எடை போடுவது. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்போம். பெயர் சென்னியம்மாள், வயது அறுபத்தாறு. எடை பார்ப்பது கடையில் விற்கிற தட்டையான சின்ன மெஷினில் அல்ல. கோழிப்பண்ணை நடந்த காலத்தில் தீவன மூட்டை நிறுத்த இரும்பு மெஷின் ஒன்று வாசல் ஓரத்தில் கிடந்தது. செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, ஒருமுறை கொண்டை ஊசியைக்கூட உருவி வைத்துவிட்டு அதில் ஏறி நிற்பார். முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்.

"எத்தன அம்மிணி?"

"எழுபத்தொம்பதே கால்."

"போன வாரம் எழுபத்தெட்டு தான?"

"எழுபத்தெட்டே முக்கால், நங்கையா. முக்காலை மட்டும் மறந்துருவீங்க."

"மெஷினு ரிப்பேருங்கறேன், நீ என்னமோ முக்காலுங்கற."

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அதை நிரூபிக்க நானும் அண்ணனும் ஐம்பது கிலோ தவிட்டு மூட்டையை மூச்சு வாங்க இழுத்து வந்து ஏற்றினோம். முள் சரியாக ஐம்பதில் நின்றது. நங்கையா அந்த மூட்டையையே முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் காபி கிடைக்கவில்லை.

நான் அறிவுச்செல்வி. மருதாசலம் அண்ணனுக்கு ஒரே தங்கை. நாமக்கல்லில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். பிழையைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு வராது. வீட்டுக்காரர் காலமான பிறகு, புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி அண்ணன் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரமும் ஒரு துணி காயும் கயிறும்தான். அதனால் நங்கையாவைப் பற்றி நான் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டது. அவர் இதைப் படித்தால் பாதியை மறுப்பார்.

பத்தொன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். அண்ணன் ஐந்நூறு கோழியோடு பண்ணையைத் தொடங்கியபோது நங்கையாவுக்கு முப்பது வயது. கடைசியில் பதினாலாயிரம் கோழி நின்றது. அண்ணன் வெளி வேலையைப் பார்த்தார், பண்ணையைப் பார்த்தவர் நங்கையா. முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். பகல் போதாது. விடிவதற்கு முன்பே கோழிக் கொட்டகையில், அதாவது செட்டில், லைட்டைப் போட வேண்டும். அதற்காக முப்பத்திரண்டு வருடம் நங்கையா அதிகாலை மூன்றரைக்கு எழுந்தார். அலாரம் வைத்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பத்து வருடம் தானாகவே லைட்டைப் போட்டு நிறுத்தும் டைமர் வாங்கி மாட்டினார்கள். அது வந்த பிறகும் மூன்றரைக்கு எழுந்து, டைமர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று போய்ப் பார்ப்பார். ஆனால் ராத்திரி எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார். அப்போது எடை அறுபத்திரண்டு. முட்டை அட்டைகளைத் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்தால் எனக்குக் கழுத்து வலிக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பண்ணையை நிறுத்தினார்கள். பையன் கவின் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், கோழி வாடையே அவனுக்கு ஆகாது. இவர்கள் இரண்டு பேராலும் முடியவில்லை. லாரி வந்து இரண்டு நாளில் மொத்தக் கோழியையும் ஏற்றிக்கொண்டு போனது. அந்த வருடம் கவின் அம்மாவுக்கு ஒரு பெரிய போன் வாங்கிக் கொடுத்தான். பிடித்தது சனி.

எட்டரைக்குப் படுத்தவர் பன்னிரண்டு வரை டிவி, ஒன்றரை வரை போன் என்று ஆனார். ஆனால் மூன்றரை மணிக்கு விழிப்பு வருவது மட்டும் மாறவில்லை. உடம்பு பழகிய பழக்கம் அது. நடுவில் இரண்டு மணி நேரம் தூக்கம். மீதியைப் பகலில் நாற்காலியில், பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில் என்று தவணை முறையில் தூங்கினார். முழித்திருக்கும் ராத்திரிக்குத் துணை வேண்டுமே. மிக்சர், தேங்காய் பன், மிஞ்சிய பணியாரம், ஒன்றுமே இல்லாவிட்டால் வெறும் பொட்டுக்கடலையும் வெல்லமும். நான்கு வருடத்தில் பதினாறு கிலோ ஏறியது. அவருக்கு அதில் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கும்மி வரும் வரைக்கும்.

கார்த்திகை பிறந்ததும் கோயில் மைதானத்தில் வள்ளி கும்மிப் பயிற்சி ஆரம்பித்தார்கள். பச்சமுத்து ஆசிரியர் மைக்கில் பாட, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வட்டம் கட்டி அடவு பழகுவார்கள். மாசியில் அரங்கேற்றம். ஒரே நிறப் புடவை கட்டி, ஊரே பார்க்க மூன்று மணி நேரம் ஆட வேண்டும். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் நங்கையா. நாற்பத்தேழு வருடத்தில் இவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. நகை கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை. பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வயசு குறைந்திருந்தது.

முதல் நாள் மூன்றாவது சுற்றிலேயே மூச்சு வாங்கியது. முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு திருப்பத்தில் தலை சுற்றி, முன்னால் இருந்த பெண்ணின் சடையைப் பிடித்துத்தான் நின்றார். பச்சமுத்து நல்ல மனுஷன், பதமாகத்தான் சொன்னார்.

"அம்மா, நீங்க ஓரமா உக்காந்து தாளம் போடுங்க. அதுவும் கும்மிதானுங்க."

"ஆடறதுக்குத்தானுங்க பேரு குடுத்தேன்."

"தை கடேசி ஞாயித்துக்கெழம எல்லாரும் மூணு மணி நேரம் நிக்காம ஆடிக் காட்டோணுமுங்க. அதுல நின்னவங்களுக்குத்தான் அரங்கேற்றம். அதுக்குள்ள உடம்பக் கொஞ்சம் கொறைச்சுட்டு வாங்க, வேண்டாம்ங்கல."

 வீட்டுக்கு வந்து நங்கையா முருங்கை மரத்தடியில் நின்று, "தாளம் போடோணுமாமா, நானு?" என்று மட்டும் கேட்டார்.  எனக்கு அவரோடு சண்டை போட்டுத்தான் பழக்கம், தேற்றிப் பழக்கமில்லை. 

மறுநாள் காலையில் எடை மெஷின் வாசலுக்கு வந்தது. இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. வேறு ஊர்க்காரர் என்றால் டாக்டரிடம் போயிருப்பார், போனில் தேடியிருப்பார். கோழிப்பண்ணைக்காரிக்கு எடை என்றால் தீனி, அவ்வளவுதான். வளரும் பருவத்துக் கோழியை வாரம் ஒருமுறை எடை போடுவார்கள். எடை கூடியிருந்தால் தீனியில் பத்து கிராம் குறைப்பார்கள். நங்கையா தன்னையே ஒரு கோழியாக வைத்து அதே கணக்கைப் போட்டார். காலையில் ஒரு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, பொழுதோட ஒன்றுமில்லை. முட்டையை அறவே நிறுத்தினார். நாமக்கல் முட்டையை ஊருக்கெல்லாம் அனுப்பியவர், தன் தட்டில் ஒன்று விழாமல் பார்த்துக்கொண்டார்.

நான்கு வாரம். பகலெல்லாம் பட்டினி, சிடுசிடுப்பு. ராத்திரி பதினோரு மணிக்குமேல் டப்பா மூடி திறக்கிற சத்தம் என் வீட்டுக்கே கேட்கும். பகலில் குறைத்த பத்து கிராம் ராத்திரியில் ஐம்பதாக உள்ளே போனது. தெரிந்தும் நான் சொல்லவில்லை, சொன்னால் டப்பா பறக்கும். எடை ஒன்றரை கிலோ கூடியது. ஒரு திங்கட்கிழமை நங்கையா, தன் தட்டில் அண்ணன் ரகசியமாக நெய் ஊற்றுகிறார் என்று குற்றம் சாட்டினார். அண்ணன் அந்த நெய் எங்கே இருக்கிறது என்று கேட்டார், தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாமே என்று.

அதற்குப் பிறகுதான் நான் அவரை இழுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் தனப்பிரியா சேலத்துப் பெண், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரத்தம் பார்த்தார், அழுத்தம் பார்த்தார், தைராய்டு பார்க்க எழுதினார். எல்லாம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. பிறகு கேட்டார்.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கறீங்கம்மா?"

"நான் எடைக்கு வந்தேன் சாமி."

"தெரியுதும்மா. எத்தனை மணிக்குப் படுக்கறீங்க?"

"ஒண்ணரை," என்றேன் நான், அவர் பொய் சொல்வதற்குள். "மூணரைக்கு முழிப்பு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். தூக்கம் குறைந்தால் உடம்பு பசியைக் கூட்டும், அதுவும் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் கேட்கும். களைப்பில் நடமாட்டமும் குறையும். எடை கூடுவதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இதைச் சரி செய்யாமல் மற்றது எதுவும் நிற்காது. இந்த வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்புக்கு முன்னால் சதைதான் கரையும், அப்புறம் முழங்காலைத் தாங்க ஆள் இருக்காது. பகலில் வயிறாரச் சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுங்கள், காலை வெயிலில் நடங்கள், பகல் தூக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ராத்திரி நேரத்தோடு படுங்கள். மாத்திரை ஏதும் எழுதவில்லை.

பஸ் ஏறும் வரைக்கும் நங்கையா புலம்பினார். "தூங்குனா எடை கொறையுமாமா. அப்ப உங்க அண்ணன் நூலாட்டமல்ல இருக்கோணும்?"

எங்கள் நிறுத்தத்தில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் நடந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வழியில் சடையனின் கறிக்கோழி செட்டு. உள்ளே குண்டு பல்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. சடையன் வெளியே தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நங்கையாவுக்குக் கோழி செட்டைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்காமல் தாண்ட முடியாது.

"ஏனுங்க, எத்தன மணி வரைக்கும் லைட்டு?"

"ராவெல்லாம் எரியுமுங்க. நடுவுல ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்துவோம்."

"ஏனுங்க அப்படி?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா. இருட்டுனா படுத்துக்கும், தீனி திங்காது. வெளிச்சம் இருந்தாத் தின்னுட்டே இருக்கும். நாப்பது நாள்ல எடை வரோணுமல்லங்க?"

நங்கையா அப்படியே நின்றுவிட்டார். நான் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தால் இன்னும் அந்த பல்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு மெதுவாக வந்து என் கையைப் பிடித்தார்.

"அம்மிணி, நான் என்னைய முட்டைக் கோழின்னு நெனச்சுட்டு இருந்தனே. கறிக்கோழியா அல்ல இருந்திருக்கறேன்."

பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தோம். சடையனுக்கு ஒன்றும் புரியவில்லை. தீனியை அளந்தேன், லைட்டை அளக்காமல் விட்டேன் என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் அரை மணி நேரம் சொல்லி ஏறாதது சடையனின் ஒரு வார்த்தையில் ஏறிவிட்டது. அதற்காக எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

நங்கையா ஒன்றை முடிவு செய்தால் அதை அரைகுறையாகச் செய்ய அவருக்குத் தெரியாது. மறுநாள் எலெக்ட்ரீசியன் நவீன்குமாரைக் கூப்பிட்டார். பழைய செட்டில் தூசி படிந்து கிடந்த டைமரைக் கழற்றி, துடைத்து, வீட்டு மெயின் பக்கத்தில் மாட்டச் சொன்னார். ஃபேன், ஃபிரிட்ஜ், கழிவறை லைட்டு, இவை மூன்றைத் தவிர வீட்டில் இருக்கிற எல்லாம் அதன் வழியாகப் போக வேண்டும். டிவி, இன்டர்நெட் டப்பா, போன் சார்ஜர் எல்லாம். ராத்திரி ஒன்பதுக்கு நிற்கும், காலை ஐந்துக்கு வரும்.

இதை அண்ணனிடம் சொல்ல மறந்துவிட்டார். மறந்தேன் என்பது அவர் வாக்குமூலம்.

அன்று டிவியில் கபடி. கடைசி இரண்டு நிமிடம், இரண்டு புள்ளி வித்தியாசம். ஒன்பது அடித்ததும் வீடு இருண்டது. அண்ணன் வாசலுக்கு வந்து மின்வாரியத்தை வைய ஆரம்பித்து, என் வீட்டில் லைட்டு எரிவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"செல்வி, உன்ற ஊட்டுல மட்டும் எப்படி எரியுது?"

"உங்க ஊட்ல கோழிக்கு ராத்திரி ஆயிருச்சுங்கண்ணா," என்றேன்.

அந்த வாரம் முழுவதும் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அண்ணன் கையில் தலையணையோடு என் வீட்டுக்கு டிவி பார்க்க வந்துவிடுவார். இது போதாதென்று, சனிக்கிழமை கவினின் மாமனார் மாமியார் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்து இறங்கினார்கள். சம்பந்தி வீட்டார் என்பதால் விருந்து. அரட்டையில் நேரம் போய் எட்டே முக்காலுக்குத்தான் இலை போட்டார்கள். ரசத்துக்கு வரும்போது ஒன்பது. இருட்டில் சம்பந்தியின் குரல் மட்டும் கேட்டது, "மோருங்களா, ரசமுங்களா இது?" என்று. நான் மெழுகுவத்தியோடு ஓடினேன். நங்கையா அசையவே இல்லை. "மன்னிச்சுக்கோங்க, எங்க செட்டுல ஒம்பது மணிக்கு லைட்டு நின்னுருமுங்க," என்றார். சம்பந்தியம்மாள் மறுநாள் காலை எழுந்து வந்து, இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று சொல்லி, நவீன்குமாரின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் இருட்டு வந்ததே தவிர தூக்கம் வரவில்லை. இதை மறைக்கக் கூடாது. முதல் பத்து நாள் நங்கையாவுக்கு நரகம். ஒன்பதரைக்கு என் பின்கதவைத் தட்டினார். உங்க ஊட்டுல லைட்டு எரியுதே, சித்த நேரம் உக்காந்துட்டுப் போறேன் என்றார். அவர் கண் என் முறுக்கு டப்பாவின் மேல் இருந்தது. நான் கோபத்தில், போய்ப் படுங்க என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். மறுநாளும் வந்தார், மறுநாளும் சாத்தினேன். மூன்றாம் நாள் தட்டவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் முருங்கை மரத்தடியில் இருட்டில் நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்து போனேன்.

"ஏன் நங்கையா இப்படிப் பண்றீங்க?"

"படுக்கறேன் அம்மிணி. கண்ண மூடுனா ஒரு சத்தமும் இல்ல. பதினாலாயிரம் கோழி கொக்கொக்குன்னு முனகற சத்தத்துல தூங்குனவ நானு. இப்ப எதுக்குத் தூங்கோணும், எதுக்கு எந்திரிக்கோணும்னு தோணுது. எனக்காவ காத்துட்டு இருக்கறது ஒண்ணுமில்ல. தின்னுட்டு இருந்தா அந்த நெனப்பு வாறதில்ல, அதனாலதான்."

நாலு வருடம் துணி காயும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு டப்பா சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "காலைல ஆறு மணிக்கு நான் காத்துட்டு இருப்பேன், நடக்கப் போலாம், லேட்டா வந்தீங்கன்னா எனக்குக் கோபம் வரும்," என்றேன். "உனக்கு எப்பத்தான் வரல," என்றார்.

அன்றிலிருந்து தினமும் வாய்க்கால் கரை வழியாக ஒரு மணி நேரம் நடந்தோம். வெயில் முகத்தில் படும்படி நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நடக்கும்போது கும்மி அடவைச் சொல்லிக்கொண்டே வருவார். சில இடங்களில் கை தட்டி ஒரு திருப்பம் திரும்பிக் காட்டுவார். பால்காரர்கள் வண்டியை ஓரம் கட்டி வழி விட்டார்கள். மத்தியானம் தட்டு நிறையச் சோறு, பக்கத்தில் இரண்டு முட்டை. பகலில் கண் செருகினால் நான் தட்டி எழுப்புவேன். அதற்கு நான் வாங்கிய வசவை எழுத முடியாது.

மார்கழி பாதியில் ஒரு நாள், ஐந்தரை மணிக்கு அண்ணன் என் கதவைப் படபடவென்று தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"செல்வி, அவ எந்திரிக்கல."

"என்னங்கண்ணா சொல்றீங்க?"

"நாப்பத்தேழு வருசத்துல அவளுக்கு முன்னால நான் எந்திரிச்சதே இல்ல. இன்னிக்கு எனக்கு முழிப்பு வந்துருச்சு, அவ அசையாமக் கெடக்கறா. பக்கத்துல போவ பயமா இருக்குது."

 செருப்புப் போடாமல் ஓடினேன். கதவைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. நல்ல கனமான குறட்டை, அண்ணன் கிளம்பி வந்த பிறகு ஆரம்பித்திருக்க வேண்டும். நங்கையா ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணனும் நானும் நிலைப்படியில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனோம். அங்கே டீத்தூள் எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை என்பது தெரிய வந்தது.

எடை ஒன்றும் மளமளவென்று இறங்கிவிடவில்லை. ஒரு வாரம் அரை கிலோ, ஒரு வாரம் கால், ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. பொங்கல் வாரம் மட்டும் அரை ஏறியது, அதற்கு யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. தை கடைசியில் முள் எழுபத்தேழில் நின்றது. ஆனால் படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றிருந்தது. கண்ணுக்கடியில் இருந்த கருப்பு போயிருந்தது. மெஷினில் ஏறும்போது கொண்டை ஊசியைக் கழற்றுவதை விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தாளம் போடச் சொன்ன அதே ஓரம். நங்கையா மூன்றாவது வரிசையில் நின்றார். முதல் மணி நேரம் சுலபமாகப் போனது. இரண்டாவது மணி நேரத்தில் இளசுகள் நாலைந்து பேர் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார்கள். நங்கையா முகமெல்லாம் வேர்வை, வாய் மட்டும் பாட்டோடு அசைந்துகொண்டிருந்தது. கடைசி அரை மணி நேரம் பாட்டின் வேகம் கூடும். எனக்கு என் முழங்கால் வலித்தது. முடிந்ததும் பச்சமுத்து மைக்கை வைத்துவிட்டு நேராக அவரிடம் வந்தார்.

"ஒண்ணும் சொல்லலீங்க. மாசி அரங்கேற்றத்துக்கு மொத வரிசைக்கு வந்துருங்க."

நங்கையா தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதார். சந்தோஷத்தில் அழுவது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் அழுதேன், அதை அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அரங்கேற்றம் ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. தலைமை தாங்க வேண்டியவர் ஏழரைக்குத்தான் வந்தார். நேரம் போகப் போக எனக்கும் அண்ணனுக்கும் ஒரே கவலைதான். இவருக்கு ஒன்பதானால் கண் சொருகிவிடுமே. பச்சையும் அரக்கும் கலந்த புடவை, தலை நிறையப் பூ, முதல் வரிசை, வலமிருந்து நாலாவது. ஏழே முக்காலுக்குக் கும்மி ஆரம்பித்தது. ஒன்பதடித்தபோது அண்ணன் வாட்சைப் பார்த்தார், நான் நங்கையாவைப் பார்த்தேன். ஒரு கொட்டாவி விட்டார். விட்டபடியே ஒரு திருப்பம் திரும்பினார். ஆனால் ஒரு தட்டுத் தவறவில்லை. பத்து மணிக்கு அவர் கால் தரையில் விழுகிற சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அண்ணன்தான். எழுபது வயதில் அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பத்தே முக்காலுக்கு முடிந்தது. நங்கையா நேராக எங்களிடம் வந்து, அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஆடிப்புட்டனுங்க," என்றார். அண்ணன் என்னவோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது.

மேடையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேடயம் கொடுத்தார்கள். உறுமி அடித்துக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கி எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. "சென்னியம்மாள்" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் எழுப்பப் போனேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். கடைசியில் பச்சமுத்துவே கேடயத்தோடு கீழே இறங்கி வந்தார்.

"அம்மா மேடைக்கு வந்து வாங்குனா நல்லா இருக்குமுங்க. போட்டோ எடுக்கோணும்."

"அந்தக் கேடயம் நாளைக்கும் இருக்குமுங்க," என்றார் அண்ணன். "இந்தத் தூக்கம் போச்சுன்னா மறுபடி வாறதுக்கு நாலு வருசம் ஆவுது. எழுப்ப உடமாட்டனுங்க."

பச்சமுத்து கேடயத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது, பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் மூன்று நாற்காலியை மட்டும் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணன் அவர்களிடம் கேட்டுக்கொண்டார். வேன் வருகிற வரைக்கும் அவர் தோளை அசைக்கவில்லை. மறுநாள் காலை வலது கையைத் தூக்க முடியாமல், இடது கையால் டீ போட்டார்.